கோயில் ஸ்டோர்ல 4 பீரோ படிப்பகப் புத்தகம்: ஆத்துல விடறதா, கேஎல்லுக்கு (கோலாலம்பூர்) அனுப்புறதா, இங்கேயே வெச்சுக்கறதா?

#1 பால்மரத்துப் பேரன் | வெள்ளி, இரவு 9:42

வணக்கம். கொஞ்சம் நீளமா எழுதப் போறேன், பொறுத்துக்குங்க.

எங்க ரப்பர்த் தோட்டம் மலேசியா, சிலாங்கூர்ல பத்தாங் பெர்ஜுந்தைப் பக்கம். (பெஸ்தாரி ஜெயான்னு பேர் மாத்தி எவ்வளவோ வருஷமாச்சு, நம்ம ஆளுங்க வாயில இன்னும் பழைய பேர்தான்.) தோட்டத்துப் பேரைச் சொல்லல, கமிட்டிக்காரங்க ரெண்டு பேர் இங்க உண்டு. தோட்டத்தை வித்து லயத்தை (தொழிலாளர் வரிசை வீடுங்க) உடைச்சப்போ படிப்பகத்துல இருந்ததையெல்லாம் கோயில் ஸ்டோர்ல கொண்டு வந்து போட்டாங்க. 4 இரும்பு பீரோ. முன்னாடி அண்டா, பந்தல் துணி, பழைய காவடின்னு அடைச்சுக் கிடந்ததால இருபது வருஷமா யாரும் தொடல.

இப்போ ஸ்டோரை இடிச்சு சமையல்கூடம் கட்டப் போறோம். மாசக் கடைசிக்குள்ள காலி பண்ணணும். கூட்டத்துல தலைவர் சொன்னாரு: "சரஸ்வதிய பேப்பர் லாமா (பழைய பேப்பர்) லோரியில ஏத்தினா பாவம். நல்ல நாள் பார்த்து ஆத்துல விட்டுடலாம்." பாதிப் பேர் தலையாட்டிட்டாங்க. நான் ஒரு வாரம் டைம் கேட்டு சாவியை வாங்கிட்டு வந்திருக்கேன்.

நேத்து ராத்திரி திறந்தேன். மேல் ரெண்டு தட்டுல கதைப் புத்தகம், துப்பறியும் நாவல், பக்தி நூல். ராமபாணப் பூச்சி அட்டை ஓரத்தையெல்லாம் சுரண்டித் தின்னிருக்கு. கீழ்த்தட்டுல கட்டுக் கட்டா தொழிற்சங்க நோட்டீஸ், தோட்டப் பள்ளி சைக்ளோஸ்டைல் மலர், திருவிழா அழைப்பிதழ். எல்லாத்துக்கும் அடியில ஒரு நீல அட்டைப் பேரேடு. இரவல் கணக்கு. முதல் வரி 1958, கடைசி வரி 1974. தேதி, புத்தக நம்பர், லயம்-வீட்டு நம்பர், கையெழுத்து, திருப்பின தேதி. யார் பேரும் கிடையாது, வீட்டு நம்பர்தான்.

என்ன செய்யலாம், சொல்லுங்க.

#2 ஸ்கேன் தம்பி | வெள்ளி, இரவு 9:58

இதுல யோசிக்க என்னண்ணே இருக்கு? போன்லயே ஸ்கேன் பண்ணுங்க, பிடிஎஃப் ஆக்குங்க, டிரைவ்ல போட்டு இங்க லிங்க் குடுங்க. பேப்பர் ஆத்துக்குப் போனா என்ன, லோரிக்குப் போனா என்ன. நான் வந்து உதவி பண்றேன், ரவாங்லதான் இருக்கேன்.

#3 கிராணி மகள் | வெள்ளி, இரவு 10:31

தம்பி, அந்த நீலப் பேரேட்டைப் பார்த்தா எனக்கு அழுகை வந்துடும். எங்களுது வேற தோட்டம், ஆனா இதே மாதிரி படிப்பகம். ஆஸ்பத்திரிக்கும் ஆயாக்கொட்டகைக்கும் நடுவுல ஒரு பலகை வீடு. தமிழ் நேசன் பேப்பர் பட்டணத்துலேர்ந்து பஸ்ல வரும், சில நாள் மறுநாள்தான் வரும். பால் எடை போட்டு, குளிச்சு, சாப்பிட்டு வந்து ஆம்பளைங்க பெஞ்சுல உக்காந்திருப்பாங்க. டிரசர் ஐயா (தோட்டத்து ஆஸ்பத்திரியில மருந்து குடுக்கறவர்) முதல் பக்கத்துலேர்ந்து கப்பல் செய்தி வரைக்கும் சத்தமா வாசிப்பாரு. படிக்கத் தெரிஞ்சவங்க பத்துப் பேர்னா, கேட்க வந்தவங்க அம்பது பேர். ஊர்ல மழை பெஞ்சுதா, ரப்பர் விலை ஏறுச்சா, சம்பளப் பேச்சு என்னாச்சு எல்லாம் அங்கேதான் தெரியும்.

1924ல ஆரம்பிச்ச அந்தப் பேப்பரே 2019ல நின்னு போச்சு. கேட்டுக்கிட்டிருந்த அம்பது பேரும் போயாச்சு. அந்தப் பேரேட்டைக் கைவிட்டுடாதீங்க.

#4 ஓய்வுபெற்ற வாத்தியார் | சனி, காலை 6:15

தலைவர் மேல் கோபப்படாதீர்கள். அவர் சொன்னது நம் மரபிலேயே உள்ளதுதான், அதுதான் வேதனை. ஆடிப்பெருக்கில் வீட்டிலிருந்த ஏடுகளை ஆற்றில் விட்டுப் புண்ணியம் தேடியவர்களைப் பற்றி உ.வே.சாமிநாதையர் எழுதியிருக்கிறார். கரிவலம்வந்தநல்லூர்க் கோயிலில் பழைய ஏடுகளை நெய்யில் தோய்த்து ஓமத்தில் இட்டுவிட்டோம் என்று அங்கிருந்தவர்கள் சொன்னதைக் கேட்டு அவர் பட்டபாட்டையும் படித்திருக்கிறேன். அவர்களும் பக்தியோடுதான் செய்தார்கள். குப்பையில் போடக் கூடாது என்கிற மரியாதையே நெருப்பிலும் நீரிலும் கொண்டுபோய் விட்டது.

ஓலைக்கு ஒரு நியாயமாவது இருந்தது. ஓர் ஏடு இருநூறு, முந்நூறு ஆண்டு தாங்கினால் பெரிது. அது முடியும் முன் புது ஓலையில் பார்த்து எழுத வேண்டும். எழுதிவிட்டுப் பழையதை நீரில் விடுவது முறை. எழுதுவதை மறந்துவிட்டு விடுவதை மட்டும் பிடித்துக்கொண்டோம். தலைவரிடம் இப்படிச் சொல்லிப் பாருங்கள்: "ஐயா, முதலில் பிரதி எடுத்துவிடலாம், ஆற்றைப் பிறகு பார்ப்போம்."

#5 புக்கிட் ரோத்தான் மாமா | சனி, காலை 8:02

வாத்தியார் சொல்றது சரி. ஆனா யார்கிட்ட குடுக்கப் போறீங்க? நான் பட்ட கதையைச் சொல்றேன். எங்கப்பா சேர்த்து வெச்ச 3 பெட்டிப் புத்தகத்தை ஒரு கல்விக்கூடத்துக்குக் குடுத்தேன். பேரெல்லாம் வேணாம். மாலை போட்டாங்க, போட்டோ எடுத்தாங்க. ரெண்டு வருஷம் கழிச்சுப் போனா புது நிர்வாகம், "எந்தப் பெட்டி அங்கிள்?"ங்கறாங்க. அப்புறம் பழைய சாமான் கடையில எங்கப்பா கையெழுத்தோட ஒரு புத்தகம் கிடைச்சுது. என் காசுல திருப்பி வாங்கினேன், 2 வெள்ளி (ரிங்கிட்).

யார் படிக்கிறா இப்போ? 2020ஆம் வருஷத்துக்குக் கோலாலம்பூரை உலகப் புத்தகத் தலைநகர்னு யுனெஸ்கோ அறிவிச்சிருந்துது. அந்த வருஷம்தான் எம்சிஓ (கொரோனா ஊரடங்கு), ஒருத்தரும் வாசப்படி தாண்டல. நம்ம ராசி அப்படி.

#6 ஸ்கேன் தம்பி | சனி, காலை 8:20

அதனாலதான் சொல்றேன் மாமா, ஸ்கேன் பண்ணிட்டா யாரும் தொலைக்க முடியாது 😄

#7 லைப்ரரி அக்கா | சனி, காலை 11:47

நான் நூலக வேலையில இருக்கேன் (எங்கன்னு கேக்காதீங்க). பேரன், முதல்ல கைய வெக்கறதை நிறுத்துங்க, அப்புறம் விவாதம்.

வெயில்ல காய வெக்காதீங்க. அந்தக் காலத்து மலிவுக் காகிதத்துல மரக்கூழோட லிக்னினும் அமிலமும் இருக்கும். வெயில் பட்டா இன்னும் பழுத்து, மடிச்ச இடத்துல அப்பளமா உடையும். செல்லோடேப் வேணாம், அதோட பசை பத்து வருஷத்துல பழுப்பா எழுத்து மேல இறங்கிடும். லேமினேட் பண்றேன்னு யாராவது வந்தா கதவைச் சாத்துங்க. பூச்சி உருண்டை போட்டு அதே அறையில உக்காந்து வேலை பாக்காதீங்க, மூச்சுக்குக் கெடுதி.

பூச்சி இருக்கறதை பிளாஸ்டிக் பையில காத்து போகாம கட்டி, வீட்டு ஃப்ரீசர்ல மைனஸ் 18 டிகிரியில 2, 3 வாரம் வைங்க. எடுத்ததும் பையைப் பிரிக்காதீங்க, அறைச் சூட்டுக்கு வரட்டும். இல்லைன்னா ஐஸ் பாட்டில் மாதிரி புத்தகம் வேர்த்துடும். பூஞ்சை பிடிச்சதைத் தனியா வைங்க, மாஸ்க் போடுங்க. காத்துல ஈரப்பதம் 65 விழுக்காட்டைத் தாண்டினா பூஞ்சை கிளம்பும். நம்ம ஊர்ல 80க்கு மேலதான் எந்நாளும். அதனால பீரோவைச் சுவரோட ஒட்டி வைக்காதீங்க, பின்னால ஒரு கை போற அளவு இடம் விடுங்க.

இன்னொண்ணு. தட்டுல விரிச்சிருக்கற பழைய நாளிதழைக் குப்பைன்னு எடுத்துப் போட்டுடாதீங்க. மேல இருக்கற நாவலைவிட அது அரிதா இருக்கலாம்.

#8 பால்மரத்துப் பேரன் | சனி, பகல் 1:10

அக்கா, ஏற்கெனவே ஒரு தட்டுத் தாளை உருவிச் சுருட்டிட்டேன் 😬 குப்பைத்தொட்டியிலேர்ந்து எடுத்துட்டேன். 1966 ஏப்ரல் பேப்பர். கோலாலம்பூர்ல முதல் உலகத் தமிழ் மாநாடு நடந்த செய்தி, பாதிப் பக்கம்.

#9 லைப்ரரி அக்கா | சனி, பகல் 1:15

அதைத்தான் சொன்னேன். தட்டையா வைங்க. இஸ்திரி போடாதீங்க!

#10 ஓய்வுபெற்ற வாத்தியார் | சனி, பகல் 2:30

அந்த மாநாட்டை முன்னின்று நடத்திய தனிநாயகம் அடிகளார் அப்போது மலாயாப் பல்கலைக்கழக இந்தியவியல் துறைத் தலைவர். அந்த மாநாட்டுச் செய்தி உங்கள் தோட்டத்துப் பீரோவுக்கு விரிப்பாக வந்து சேர்ந்திருக்கிறது, பாருங்கள்.

பேரன், ஒரு வழி சொல்கிறேன். 1969இல் மலாயாப் பல்கலைக்கழக நூலகம், இராம சுப்பையா தொகுத்த 'தமிழ் மலேசியானா' என்ற பட்டியலை வெளியிட்டது. மலேசிய, சிங்கப்பூர்த் தமிழ் நூல்கள், இதழ்களின் பட்டியல் அது. உங்களிடம் உள்ள உள்நாட்டு வெளியீடுகளை அதில் ஒப்பிட்டுப் பாருங்கள். அதில் இல்லாத ஒன்று உங்கள் பீரோவில் இருந்தால் அதை உடனே தனியே எடுத்து வையுங்கள்.

#11 லைப்ரரி அக்கா | சனி, மாலை 4:05

நல்ல யோசனை ஐயா. தமிழ்நாட்டு வெளியீடுகளை ஸ்கேன் பண்ணி நேரத்தை வீணாக்க வேணாம். பெரும்பாலும் வேற எங்காவது இருக்கும். தமிழ் இணையக் கல்விக்கழகத்து மின்னூலகம், 1998லேர்ந்து ஓடற மதுரைத் திட்டம், ஈழத்து நூல்னா 2005ல தொடங்கின நூலகம் தளம், இங்கெல்லாம் முதல்ல தேடுங்க. கிடைச்சா உங்க பிரதி படிக்கறதுக்கு, காப்பாத்தறதுக்கு இல்ல. பிள்ளைங்க கையில குடுத்துடுங்க.

நம்ம நாட்டுல 1986ல வந்த சட்டப்படி, பதிப்பாளருங்க ஒவ்வொரு அச்சு நூல்லயும் 5 பிரதியைத் தேசிய நூலகத்துல ஒப்படைக்கணும். (ஜாலான் துன் ரசாக்ல தெங்கோலோக் தலைப்பாகை மாதிரி நீலக் கூரை போட்ட கட்டடம்.) அதுக்குப் பிறகு முறையா அச்சான புத்தகத்துக்கு அங்கே ஒரு வீடு உண்டு. ஆனா உங்க தோட்டப் பள்ளிக்கூடத்து வாத்தியார் ஸ்டென்சில் வெட்டி 60 பிரதி உருட்டின மலரை எந்தப் பதிப்பாளர் கொண்டுபோய் ஒப்படைச்சிருப்பாரு? அது உங்க கீழ்த்தட்டைத் தவிர வேற எங்கேயும் இல்லாம இருக்கலாம். சங்க நோட்டீஸும் அப்படித்தான். நீங்க எல்லாரும் மேல் தட்டைப் பத்தியே பேசிக்கிட்டிருக்கீங்க.

காரைக்குடிப் பக்கம் கோட்டையூர்ல ரோஜா முத்தையான்னு ஒருத்தர், விளம்பரப் பலகை எழுதற ஓவியர். புத்தகத்தோட நாடக நோட்டீஸ், கல்யாணப் பத்திரிகை, துண்டுப் பிரசுரம்னு எல்லாத்தையும் சேர்த்தார். ஏறக்குறைய 1 லட்சம் உருப்படி. 1992ல அவர் இறந்த பிறகு சிகாகோ பல்கலைக்கழகம் விலைக்கு வாங்கி, ஆனா சென்னையிலேயே 1994ல நூலகமா வெச்சுது. இன்னைக்கு ஆய்வாளருங்க தேடி வர்றது அந்த நோட்டீஸுக்கும் சேர்த்துத்தான்.

#12 புக்கிட் ரோத்தான் மாமா | சனி, மாலை 5:20

அம்மா, ஒரு சந்தேகம். இதையெல்லாம் கேஎல்லுக்கு ஏத்திட்டா இங்க இருக்கற பிள்ளை எப்படிப் பாக்கும்? குளிர்சாதன அறை, கையுறை, கடிதம், அனுமதி. பத்திரமா இருக்கும், ஒத்துக்கறேன். பேங்க் லாக்கர்ல நகையும் பத்திரமாத்தான் இருக்கு, கல்யாணத்துக்குப் போட்டுக்க முடியலையே.

#13 கிராணி மகள் | சனி, மாலை 5:41

ஒரே இடத்துல வெச்சா என்ன ஆகும்னு யாழ்ப்பாணத்து நூலகத்தைக் கேளுங்க அண்ணே. 1981 மே 31 ராத்திரி வெச்ச தீ, ஏறத்தாழ 97,000 நூல். கட்டடம் திரும்ப எழும்பி 2003ல கதவு திறந்தாச்சு. ஓலைச்சுவடிக்கு அந்த மாதிரி திரும்ப வர வழி இல்லையே. கேஎல் மட்டும்னாலும் ஆபத்து, கோயில் மட்டும்னாலும் ஆபத்து. இங்கேயே சிலாங்கூர் ஆறு பெருகினா தலைவர் விட வேண்டியதில்லை, அதுவே வந்து எடுத்துக்கிட்டுப் போயிடும்.

#14 ஸ்கேன் தம்பி | சனி, இரவு 9:12

சரி, நான் தோத்துட்டேன் 🙏 சாயங்காலம் அண்ணன் வீட்டுக்கே போயிட்டேன். போன்ல 40 பக்கம் எடுத்தோம். ஓசிஆர் (படத்துல இருக்கற எழுத்தைப் படிக்கிற மென்பொருள்) போட்டுப் பார்த்தேன், சிரிப்புதான். 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முன்னாடி அச்சான 'லை', 'னை'ல யானைத் தும்பிக்கை மாதிரி கொம்பு இருக்குல்ல, அதைப் பார்த்ததும் மென்பொருளுக்குக் கிறுக்குப் பிடிச்சிடுச்சு. 'றா', 'ணா'வும் அப்படியே. படமா வெச்சுக்கலாம், தேட முடியாது.

அதைவிடப் பெரிய தப்பு, ஃபைலுக்கெல்லாம் கேமரா போட்ட நம்பர்தான் பேர். 40 படத்துல எது எந்த மலர்னு எனக்கே ஒரு மணி நேரத்துல மறந்துபோச்சு. நாளைக்கு யார் தேடுவா?

#15 ஓய்வுபெற்ற வாத்தியார் | ஞாயிறு, காலை 6:08

தம்பி, இதைக் கண்டுபிடித்ததற்கே உங்களைப் பாராட்ட வேண்டும். சீர்காழியில் பிறந்த நூலக அறிஞர் எஸ்.ஆர்.ரங்கநாதன் 1931இல் வகுத்த ஐந்து விதிகளில் நான்காவது, வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்து என்பது. பட்டியல் இல்லாத நூலகத்தில் புத்தகம் இருந்தும் இல்லாததுதான். முதல் விதி, நூல்கள் பயன்படுத்துவதற்கே. அதே 1931இல் மன்னார்குடிப் பக்கம் மாட்டுவண்டியில் நூல்களை ஏற்றிக் கிராமம் கிராமமாகக் கொண்டுபோனார்கள். வாசகர் வரவில்லை என்று மாமா வருந்துகிறாரே, வண்டியைக் கட்டினார்களே அவர்கள்!

#16 ஸ்கேன் தம்பி | ஞாயிறு, காலை 9:30

சரிங்க ஐயா. பேரேட்டை முழுசா எடுத்து எக்செல்ல ஏத்திட்டேன்னா யார் வீட்டுல என்ன படிச்சாங்கன்னு எல்லாம் தெரிஞ்சிடும். இங்கேயே போடட்டுமா? செம்ம சுவாரசியம். லயம் 4, வீடு 7ன்னு ஒரு வீடு, 1962லேர்ந்து 68க்குள்ள 41 புத்தகம் எடுத்திருக்காங்க. எல்லா வரியிலயும் கையெழுத்துக்குப் பதில் ஊதா மையில கைரேகை! எழுதத் தெரியாத ஆள் எதுக்கு 41 புத்தகம்?

#17 லைப்ரரி அக்கா | ஞாயிறு, காலை 9:38

தம்பி, நிறுத்துங்க. போடாதீங்க. யார் எதைப் படிச்சாங்கன்றது அவங்க சொந்த விஷயம், நூலகக்காரங்க அதை வெளிய சொல்லக் கூடாது. 1974ல இருந்தவங்க இன்னைக்கும் இருக்காங்க, வீட்டு நம்பர் தெரிஞ்சா ஊர்ல எல்லாருக்கும் ஆள் தெரியும். 1958ல தொடங்கின பேரேடுன்னா அவசரகாலமே (1948-60, கம்யூனிஸ்ட் கிளர்ச்சிக் காலம்) முடியல, எதைப் படிக்கிறோம்னு பயந்து படிச்ச காலம். படம் எடுத்துப் பத்திரமா வைங்க. இணையத்துல ஏத்த வேணாம்.

#18 புக்கிட் ரோத்தான் மாமா | ஞாயிறு, காலை 9:55

இது எனக்கு ஒப்பல. அம்பது அறுபது வருஷக் கணக்கு, நம்ம சனம் என்ன படிச்சுதுங்கறதுக்கு இதைவிடச் சாட்சி வேற எங்க? பூட்டி வெச்சா, தோட்டத்து ஆளுங்களுக்குக் கள்ளுக்கடை மட்டும்தான் தெரியும்னு எழுதிட்டுப் போறவன் போய்க்கிட்டே இருப்பான். இந்த ஊர் தென்னமரம் தோட்டத்துலதான் 1917ல செம்பனையை மலாயாவுலேயே முதன்முதலா வணிகத்துக்கு நட்டாங்கன்னு வரலாறு எழுதறாங்க. நட்ட துரை பேர் இருக்கு. குழி வெட்டினவன் பேர் எங்க இருக்கு?

#19 லைப்ரரி அக்கா | ஞாயிறு, காலை 10:20

அங்கிள், வெட்டினவன் பேர் வேணும்னா அவன் பேரனைக் கேட்டுட்டுப் போடுவோமே. புத்தக நம்பர், வருஷம் மட்டும் எண்ணிப் போடலாம், வீட்டு நம்பரை மறைச்சிடலாம். சம்மதம் சொன்ன வீட்டை மட்டும் திறக்கலாம். அதுல கஷ்டம் ஒண்ணுமில்ல.

#20 காப்பார் மருமகள் | ஞாயிறு, பகல் 12:46

வணக்கம். நான் எழுதறதில்ல, படிக்க மட்டும்தான் வருவேன். #16ஐப் பார்த்துட்டு ஒரு மணி நேரமா உக்காந்திருக்கேன்.

லயம் 4, வீடு 7 எங்க பாட்டி வீடு. தோட்டத்துப் பேரை நீங்க சொல்லல, ஆனா பெரட்டுக்களத்தை (காலையில வேலைக்கு ஆள் கூடற இடம்) ஒட்டி நாலாவது லயம்னா அதுதானே? பாட்டிக்கு எழுதப் படிக்கத் தெரியாது. பிள்ளைங்க கையில புத்தகம் குடுக்க மாட்டாங்களாம், வீட்டுப் பெரியவங்க வந்து ஒப்பம் வைக்கணும். பால் வெட்டிட்டு வந்த கையோட பாட்டி போய் ரேகை வெச்சு எடுத்துட்டு வருவாங்க. கேஸ் லைட்டு வெளிச்சத்துல அம்மா படிப்பாங்க, பத்து வயசு. அக்கம்பக்கத்து வீட்டுப் பொம்பளைங்க ஆறேழு பேர் வாசல்ல உக்காந்து கேப்பாங்களாம். அவங்க யாரும் படிப்பகத்துப் பெஞ்சுக்குப் போனதில்ல, அது ஆம்பளைங்க இடம்.

ஒரு நாவல்ல கடைசிச் சில பக்கம் கிழிஞ்சு போயிருந்துதாம். நிறுத்தினா அடி விழும்னு அம்மா தானே ஒரு முடிவைக் கட்டி வாசிச்சிட்டாங்க. மூணு மாசம் கழிச்சு பாட்டி அதே புத்தகத்தைத் திரும்ப எடுத்துட்டு வந்தாங்க, எல்லாரும் கேட்டாங்கன்னு. அம்மாவுக்கு முன்னாடி சொன்ன முடிவு மறந்துபோச்சு. மாட்டிக்கிட்டாங்க. இன்னைக்கும் சொல்லிச் சிரிப்பாங்க.

லைப்ரரி அக்கா, அம்மாகிட்ட கேட்டேன். எங்க வீட்டு நம்பரை மறைக்க வேணாமாம்.

#21 பால்மரத்துப் பேரன் | ஞாயிறு, இரவு 8:50

அக்கா, அதே தோட்டம்தான். எனக்கு என்ன எழுதறதுன்னு தெரியல, அதனால வேலையைச் சொல்றேன்.

தலைவரைப் பார்த்தேன். வாத்தியார் சொன்ன மாதிரியே "முதல்ல பிரதி, ஆறு அப்புறம்"னு ஆரம்பிச்சேன். ரேகை கதையைச் சொன்னதும் அவரே பேரேட்டைப் பிரிச்சுத் தன் வீட்டு நம்பரைத் தேட ஆரம்பிச்சுட்டாரு. ரெண்டு மாசம் தவணை கிடைச்சிருக்கு. மேல் தட்டுக் கதைப் புத்தகம் மண்டபத்துல ஒரு அலமாரியில இருக்கும், யார் வேணாலும் எடுத்துட்டுப் போகலாம், புதுப் பேரேடு போடறோம். உள்நாட்டுப் பதிப்புல ரெட்டைப் பிரதி இருந்தா ஒண்ணு கேஎல்லுக்கு, ரசீது வாங்கிக்கிட்டு. மாமா, ரசீது நீங்க வந்து வாங்கணும். கீழ்த்தட்டு இங்கேயே இருக்கும். தம்பி படம் எடுப்பான், வாத்தியார் ஐயா தலைப்பு எழுதித் தருவாரு, ஒரு பிரதி எங்கிட்ட, ஒரு பிரதி லைப்ரரி அக்கா சொல்ற இடத்துல. பதிப்புரிமை பத்தி ஒருத்தர் தனிமடல்ல கேட்டிருந்தாரு: நம்ம நாட்டுச் சட்டத்துல எழுதினவர் இறந்து 50 வருஷம் வரைக்கும் உரிமை உண்டு, அதனால மலர்ல எழுதின வாத்தியாருங்க குடும்பத்தைத் தேடிக்கிட்டிருக்கோம். அதுவரைக்கும் வெளிய விட மாட்டோம்.

ஒரு புத்தகத்துக்குள்ள பக்க அடையாளமா கூட்டுறவுப் பங்கு ரசீது ஒண்ணு கிடைச்சுது, மஇகா தலைவரா இருந்த சம்பந்தன் ஐயா 1960ல ஆரம்பிச்ச தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்துது. அதை எங்க சேர்க்கறதுன்னு தெரியல. புத்தகத்துலயே விட்டு வெச்சிருக்கேன்.

#22 லைப்ரரி அக்கா | ஞாயிறு, இரவு 9:04

விட்டது சரி. எந்தப் புத்தகம், எந்தப் பக்கம்னு குறிச்சுட்டு, ரசீதை ஒரு வெள்ளைத் தாள்ல மடிச்சு அதே இடத்துல வைங்க. கிளிப் போடாதீங்க, துரு பிடிக்கும்.

#23 காப்பார் மருமகள் | ஞாயிறு, இரவு 9:40

தம்பி, அடுத்த சனிக்கிழமை அம்மாவைக் கூட்டிட்டு வரலாமா? அந்த ரேகையை ஒரு தடவை பாக்கணும்ங்கறாங்க. புத்தகம் நம்பர் 118 இன்னும் இருக்கான்னும் கேக்கறாங்க, அதுதான் கடைசிப் பக்கம் இல்லாததாம். வீல்சேர்ல வருவாங்க. ஸ்டோர் வாசல்ல படி இருக்கா?

#24 பால்மரத்துப் பேரன் | ஞாயிறு, இரவு 9:47

118 இருக்குக்கா. மூணு படி. பலகை போட்டு வைக்கிறேன்.